படம் எப்ப ஆரம்பிக்கும்?

பாலிடெக்னிக் படிக்கும்போது நானும் மூன்று நண்பர்களும் ஈசூன் புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் ஒரு குறும்படம் எடுத்தோம். குறும்படம் எடுக்க முடியாமல் தவிக்கும் நான்கு பேரைப் பற்றிய குறும்படம். பத்து நிமிடம் பார்த்த பிறகு அம்மா கேட்டார்: "படம் எப்பப்பா ஆரம்பிக்கும்?" அது எக்ஸ்பெரிமென்ட், அப்படித்தான் இருக்கும் என்றேன். ரொம்ப நாள் அந்தப் பதிலை நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

2014 ஆகஸ்டில் இரண்டு வார இடைவெளியில் சினிமா எடுப்பதைப் பற்றி இரண்டு தமிழ்ப் படங்கள் வந்தன. பார்த்திபனின் 'கதை திரைக்கதை வசனம் இயக்கம்' கதையே இல்லாத படம் என்று சொல்லிக்கொண்டு வந்தது. உதவி இயக்குநர்கள் அறையில் உட்கார்ந்து கதை பேசும் இடங்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அமைதி வந்தால் நாம் எழுந்து போய்விடுவோமோ என்ற பயம் படத்துக்கு. வரிக்கு வரி ஒரு சிலேடை. கதையை விட்டுக்கொடுத்தவருக்குக் கைதட்டலை விட மனசு வரவில்லை.

'ஜிகர்தண்டா' அந்தக் கைதட்டலையே கதையாக்கியது. மதுரை ரவுடி சேது தன்னைப் பற்றி சீரியஸான படம் எடுக்கிறார்கள் என்று நம்பி நடிக்கிறான். இயக்குநர் அதைக் காமெடியாக்கி விடுகிறான். தியேட்டரில் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நாமும்தான். கொஞ்சம் யோசித்தால் சங்கடமாக இருக்கும். ஒருத்தனின் அவமானம்தானே நம்முடைய பொழுதுபோக்கு?

1992-ல் ஈசூனில் சிங்கப்பூரின் முதல் மல்டிபிளெக்ஸ் பத்துத் திரைகளோடு திறந்தது. அதே வருஷம் சாண்டி டான் என்ற இளம்பெண் தோழிகளோடு சேர்ந்து 'ஷர்க்கர்ஸ்' எடுத்தார். இயக்கிய ஜார்ஜ் கார்டோனா எழுபது படச்சுருள்களோடு காணாமல் போனார். அவர் இறந்த பிறகுதான் சுருள்கள் திரும்பி வந்தன, ஒலி இல்லாமல். அதை வைத்து சாண்டி டான் 2018-ல் அதே பெயரில் ஓர் ஆவணப்படம் எடுத்தார். பெட்டி எங்கே போனது என்ற மர்மம் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது, சரி. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. தோழி ஜாஸ்மின் இங், கேமராவுக்கு முன்னாலேயே சாண்டியைத் திட்டுகிறார். சாண்டி அதை வெட்டாமல் வைத்திருக்கிறார். படம் தொலைந்ததைவிட அந்த நட்புக்கு என்ன ஆனது என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்வையாளரை மகிழ்விப்பது பரிசோதனைப் படத்தின் வேலை இல்லை என்று இப்போதும் சொல்வேன். ஆனால் திரையில் இருப்பவர்களுக்கு இழக்க ஏதாவது இருக்க வேண்டும். எங்கள் குறும்படத்தில் நாலு பேருக்கும் இழக்க ஒன்றுமே இல்லை. கேமராகூட இரவல்தான்.

போன மாதம் அம்மாவோடு 'ஷர்க்கர்ஸ்' மறுபடி பார்த்தேன். பாதிப் படத்தை நிறுத்தி நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. முடிந்ததும் அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை பசியாறும்போது கேட்டார்:

"அந்த ஆளு அதை ஏம்பா எரிக்காம வச்சிருந்தான்?"