பாகவதரின் குரலும் 'ராஜமுக்தி'யின் குறையும்

ஒரு கலைஞரிடம் நாம் கொண்ட பேரன்பு, அவருடைய படைப்பை எடைபோடும் கண்ணை மறைத்துவிடலாமா? இவ்வினாவுக்குத் தமிழ்த் திரைப்பட வரலாறு ஒரு தக்க சான்றை வைத்திருக்கிறது. எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்துப் பாடி 1948ஆம் ஆண்டில் வெளிவந்த 'ராஜமுக்தி'யே அது.

ஆரணியாற்றங்கரையில் அமைந்த பிச்சாட்டூரிலும், அண்டையிலுள்ள நாகலாபுரம், சத்தியவேடு ஆகிய ஊர்களிலும் பாகவதர் பாட்டு முந்தைய தலைமுறையின் பொதுச் சொத்து. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி தமிழகம் சேர்ந்தது. இப்பக்கத்தில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கும், இங்கிருந்து பிழைப்புத் தேடிப் பெங்களூர், மும்பை என்று பெயர்ந்து சென்றோருக்கும் அக்குரல் தாய்வீட்டின் குரலாகவே ஒலித்தது. ஆகவே அதில் குறை காண்பது குடும்பப் பெரியவரைப் பழிப்பது போலத் தோன்றுவது இயல்பே. எனினும் 'ராஜமுக்தி' என்ற பெயரை எடுத்த மாத்திரத்தில் அவருடைய அன்பர்களே இரு அணியாகப் பிரிந்துவிடுகின்றனர்.

ஓரணியினர் கூறுவது இது: படத்தில் பழுதில்லை, பாட்டில் பழுதில்லை, இலட்சுமிகாந்தன் கொலை வழக்கும் சிறைவாசமும் மக்கள் மனத்தைத் திருப்பிவிட்டன, அந்தப் பழியே படத்தை வீழ்த்தியது. மற்றோரணியினர் கூறுவது இது: 'ஹரிதாஸ்' படத்தோடு பாகவதர் காலம் முடிந்துவிட்டது, பின்னர் வந்தவற்றைப் பேசாமல் விடுவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. இவ்விரு கூற்றையும் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

பழியே காரணம் என்பது ஏற்கத்தக்கதா? 'ஹரிதாஸ்' 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் பாகவதர் கைதானார். 1945இல் தண்டனை பெற்றார். அவர் சிறையில் இருந்த காலத்திலும் சென்னை பிராட்வே அரங்கில் தொடர்ந்து ஓடி அப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் பாட்டைக் கேட்கப் பணம் கொடுத்துச் சென்ற மக்கள், 1947இல் விடுதலை பெற்றவரின் பாட்டை மட்டும் வெறுத்தனர் என்பது எவ்வாறு பொருந்தும்? மேலும், அதே வழக்கில் சிறை சென்று அவரோடு மீண்ட என். எஸ். கிருஷ்ணன், 1949இல் அண்ணா எழுதிய 'நல்லதம்பி'யோடு புதிய காலத்துக்குள் நடந்து சென்றார். சிறைவாசம் ஒருவரை வீழ்த்தி மற்றவரை விட்டுவைத்தது என்றால், காரணத்தை வேறிடத்தில் தேடுவதே முறை.

அக்காரணம் பாட்டுக்கும் கதைக்கும் உள்ள உறவில் இருக்கிறது என்பது என் கருத்து. பாகவதரின் வெற்றிப் படங்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். 'அம்பிகாபதி'யில் பாட்டின் எண்ணிக்கையே நாயகனின் உயிரை நிறுத்துப் பார்க்கிறது. கணக்கில் ஒன்று குறைந்ததால் கம்பர் மகன் உயிரை இழக்கிறான். 'அசோக்குமார்' எடுத்துக்கொண்ட குணாளன் கதையிலோ, கண்ணிழந்த மகனைத் தந்தை அவன் பாடும் பாட்டால் இனங்காண்கிறார். 'சிவகவி'யில் நாயகன் புலவன். 'ஹரிதாஸ்' நாயகன் இன்பத்தில் மிதந்தபோதும் பாடுகிறான். கால் இழந்து மனம் திரும்பியபோதும் பாடுகிறான். இரு பாட்டுக்கும் இடையிலுள்ள தூரமே கதை. இவற்றிலெல்லாம் பாட்டை எடுத்துவிட்டால் கதை நடக்காது.

'ராஜமுக்தி' அரச கதை. அரசன் ஆளவும் போரிடவும் பேசவும் வேண்டியவன். அவன் பாடினால் அது அரியணைக்கு அழகு சேர்க்குமேயன்றி, கதையை ஓரடி நகர்த்தாது. பாடகருக்காகக் கதை காத்து நிற்கும் நிலை இதனால் விளைகிறது. படத்தை இயக்கிய ராஜா சந்திரசேகரே 1941இல் 'அசோக்குமார்' படத்தையும் இயக்கியவர். பாடல்கள் பாபநாசம் சிவனுடையவை, இசை சி. ஆர். சுப்பராமன் அமைத்தது. உரையாடல் எழுதச் சென்றவரோ புதுமைப்பித்தன். சொல்லைச் சாட்டையாகச் சுழற்றத் தெரிந்த அவ்வெழுத்தாளர் படப்பணிக்காகப் பூனா சென்றிருந்தபோது நோயுற்று, படம் வெளிவருமுன்னரே 1948 ஜூன் 30 அன்று மறைந்தார். ஆகத் திறமைக்குப் பஞ்சமில்லை. பாட்டின் பெருமையை நம்பி நின்ற கலையும் பேச்சின் கூர்மையை நம்பி வந்த எழுத்தும் ஒரே படத்தில் கைகோக்க இயலாமற்போயின.

காலமும் காத்திருக்கவில்லை. அதே 1948இல் ஜெமினியின் 'சந்திரலேகா' பிரம்மாண்டத்தால் மக்களைக் கவர்ந்தது. அதன் நாயகி, 'ஹரிதாஸ்' படத்தில் பாகவதரோடு நடித்த டி. ஆர். ராஜகுமாரியே. மறு ஆண்டு 'வேலைக்காரி' வந்தது. 1952இல் 'பராசக்தி' வந்தது. கேட்கும் கூட்டம் பாட்டிலிருந்து வசனத்துக்குச் செவியைத் திருப்பிக்கொண்டது.

இனி, பேசாமல் விடுவதே மரியாதை என்போர் கூற்றுக்கு வருவோம். இதையும் என்னால் ஏற்க இயலவில்லை. எம். எல். வசந்தகுமாரி திரைக்காகப் பாடத் தொடங்கியது 'ராஜமுக்தி'யில்தான். பாடி நடித்த பெருநடிகரின் படத்திலேயே பின்னணிக் குரலின் புதிய காலம் வாயிலைத் தட்டியது. அப்படத்தில் இரண்டாம் நிலை வேடம் ஏற்ற எம். ஜி. ராமச்சந்திரன், பிறர் குரலில் பாடும் நாயகராகப் பின்னாளில் உயர்ந்தார். அவருக்காகப் பாடிய டி. எம். சௌந்தரராஜனோ, 1950இல் 'கிருஷ்ண விஜயம்' படத்தில் பாகவதரின் பாணியைப் பின்பற்றிப் பாடியே திரைக்கு வந்தவர். தோற்ற படம் என்று இதனை மூடி வைத்தால், ஒரு காலம் மற்றொரு காலத்துக்குக் கைம்மாறிய அந்த இடத்தையே மூடி வைத்தவர்களாவோம்.

எல்லைப் பகுதியில் வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. 'அசோக்குமார்' படத்தில் அசோகராகத் தோன்றியவர் சித்தூர் நாகையா. அரசியாக வந்தவர் கண்ணாம்பா. 'ராஜமுக்தி'யில் நடித்தவர் பானுமதி. தெலுங்குக் கலைஞர்களைத் தமிழ் மக்கள் தம்மவராகவே போற்றினர். ஊர்ப்பெயரையோ மொழியையோ கேட்டு மதிப்பிடவில்லை. கலையை அதன் தகுதியால் மதித்த அந்தப் பண்பு, நம்மவர் என்பதற்காக ஒரு படைப்பின் குறையை மறைக்கவும் இடங்கொடாது.

நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் கற்கின்றனர். வேற்றூர்களில் வளர்வோர் நிலையும் இதுவே. அவர்களிடம் "பாகவதர் செய்ததெல்லாம் சிறந்தது" என்று சொல்லி எப்படம் கிடைத்ததோ அதைக் காட்டினால், ஒரு மணி நேரத்தில் எழுந்து போவர். மறுமுறை அழைத்தால் வரமாட்டார்கள். 'ஹரிதாஸ்' படத்தை முதலிற் காட்டுங்கள். 'அம்பிகாபதி' கதையைச் சொல்லுங்கள். பிறகு 'ராஜமுக்தி'யின் பாடல்களைக் கேட்கச் செய்து, இவ்வளவு இனிய குரல் இருந்தும் படம் ஏன் நிற்கவில்லை என்று அவர்களையே கேளுங்கள். விடை தேடும் பிள்ளை பாகவதரை விட்டு விலகாது. அவரோடு உரையாடத் தொடங்கும்.

பாகவதர் நடித்தவை 14 படங்கள். சிறைக்கு முன் ஒன்பது, பின் ஐந்து. 'அமரகவி', 'சியாமளா', தாமே இயக்கிய 'புது வாழ்வு', 1959இல் அவர் மறைந்தபின் 1960இல் வெளிவந்த 'சிவகாமி' ஆகியவை 'ராஜமுக்தி'யைத் தொடர்ந்தவை. அந்த ஐந்தையும் குறையோடு நினைவில் வைத்திருக்கும் அன்பே, மற்ற ஒன்பதையும் உள்ளபடி போற்றத் தகுதி பெறுகிறது.