ஒரு கால், மூன்று பேர்

அமெரிக்கக் கால்பந்தில் கிக்கருக்கு ஒரே வேலை, பந்தை உதைப்பது. ஆட்டத்தின் பெரும்பகுதியை எல்லைக்கோட்டுக்கு வெளியே காத்திருந்தே கழிப்பார். 1950-ல் இந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஆட்களை விருப்பம்போல் மாற்றிக்கொள்ள நிரந்தரமாக அனுமதித்ததால், உதைப்பதற்கென்றே ஒருவரை வைத்துக்கொள்ள வழி பிறந்தது. இந்த ஏற்பாடு உதைக்கும் கலையை வளர்த்தது. அந்தக் கலைஞனுக்கோ நியாயம் செய்யவில்லை.

வளர்ச்சிக்குச் சாட்சி ஆடம் வினாட்டியேரி. புதிய வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எவரும் எடுக்காத அவர், 1996-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியில் இடம்பிடித்தார். 24 பருவங்கள் ஆடி 2,673 புள்ளிகள் சேர்த்தார். லீக் வரலாற்றில் அதற்கு மேல் எவரும் எடுத்ததில்லை. மோதி விழுகிற ஆட்டக்காரர்கள் முப்பது வயதைத் தாண்டி ஆடுவதே அரிது. இவர் 46 வயதிலும் களத்தில் நின்றார். 2002 ஜனவரியில், ஃபாக்ஸ்பரோவில் பனி கொட்டிய இரவில், பிடிமானமில்லாத தரையிலிருந்து, 45 கெஜம் தள்ளியிருந்த கோல் கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்துத் தோற்கவிருந்த ஆட்டத்தைச் சமன் செய்தார். பல்லாண்டு ஒரே வேலையில் ஊறிய காலுக்குத்தான் அது வசப்படும்.

ஆனால் அந்தக் கால் தனித்து இயங்குவதில்லை. லாங் ஸ்னாப்பர் குனிந்து, தன் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் விசிறுகிறார். ஏழெட்டு கெஜம் தள்ளி மண்டியிட்டிருக்கும் ஹோல்டர் அதைப் பிடித்து, நிறுத்தி, பந்தின் நாடாத் தையல் கோல் பக்கம் பார்க்கும்படி திருப்புகிறார். அதற்குள் கிக்கர் ஓடி வந்துவிடுகிறார். எல்லாம் ஏறத்தாழ 1.3 வினாடியில் முடிகிறது. முதல் இருவரில் யார் பிசகினாலும், தவறிய உதை கிக்கரின் கணக்கில்தான் ஏறும். இந்த முறையின் பெருங்குறை இதுவே: மூவரின் வேலை, ஒருவர் தலையில் பழி.

பழியின் அளவும் சீரற்றது. 1991 ஜனவரியில், லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பவுலில், பஃபலோ பில்ஸ் அணியின் கிக்கர் ஸ்காட் நார்வுட் 47 கெஜத்திலிருந்து கடைசி நொடிகளில் உதைத்த பந்து வலப்புறம் விலகியது; அணி 20-19 என்று தோற்றது. மேலும் ஒரு பருவத்தோடு அவர் ஆட்ட வாழ்வே முடிந்தது. 2002 சூப்பர் பவுலில் வினாட்டியேரி 48 கெஜத்திலிருந்து வென்று கொடுத்தார். இரண்டுக்கும் தூரத்தில் ஒரு கெஜமே வித்தியாசம். அதே வினாட்டியேரி 2004 சூப்பர் பவுலில் ஒன்றைத் தவறவிட்டார், இன்னொன்று தடுக்கப்பட்டது. கடைசியில் 41 கெஜம் உதைத்து அணியை வெல்லவைத்ததால் முந்தைய இரண்டும் மறந்துபோயின. இறுதி நொடியில் நடப்பதே ஒருவரின் முழு வாழ்க்கைக்கும் தீர்ப்பாகிவிடுவது அறமன்று.

தனித்திறனாளர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்களை எடைபோடும் தராசுதான் மாறவேண்டும். பந்து வந்த விதம், அது நிறுத்தப்பட்ட விதம், காற்று, தரை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே ஓர் உதையை மதிப்பிடவேண்டும்.

பஃபலோ மக்கள் இதை அன்றே செய்து காட்டினார்கள். தோல்விக்கு மறுநாள் நயாகரா சதுக்கத்தில் திரண்ட பெருங்கூட்டம், நார்வுட்டின் பெயரைச் சொல்லி அவரை மேடைக்கு அழைத்தது. அவர் தழுதழுத்தபடி பேசினார். அணியைச் சூப்பர் பவுல் வரை கொண்டுவந்து சேர்த்த அவருடைய உதைகளையும் அவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள்.