அழைப்பு இலவசம், நம்பருக்கு வாடகை

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மாவின் போனுக்கு ரீசார்ஜ் பண்ணிக் கொடுத்தேன். 199 ரூபாய், 28 நாள். அவரிடம் இருப்பது பட்டன் போன். நெட் பார்ப்பதில்லை, தேவையும் இல்லை. "நான் யாருக்குடா போன் பண்றேன்? வர்ற போனை எடுக்கிறதுக்கு இருநூறு ரூபாயா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன்.

ஆனால் கேள்வி விடவில்லை. அந்த போனில் பேசிய நேரத்தைக் கூட்டிக் காட்டும் கால் டைமர் இருக்கிறது. முந்தைய ரீசார்ஜின்போது ஒரு ஆர்வத்தில் அதைப் பூஜ்யமாக்கி வைத்திருந்தேன். இப்போது எடுத்துப் பார்த்தால், 28 நாளில் அவர் கூப்பிட்டுப் பேசியது மொத்தம் 71 நிமிடம். 199-ஐ 71-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 2 ரூபாய் 80 பைசா.

இந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? 2006 மார்ச்சில் பிஎஸ்என்எல் 'ஒன் இந்தியா' திட்டம் கொண்டுவந்தது. நாட்டின் எந்த மூலைக்கும் எஸ்டிடி நிமிடத்துக்கு ஒரு ரூபாய். 2009-ல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று ஆரம்பித்தது, அதாவது நிமிடத்துக்கு 60 பைசா. அன்றைய ஒரு ரூபாயும் இன்றைய ஒரு ரூபாயும் ஒன்றில்லை என்பது சரிதான். விலைவாசியைக் கழித்துப் பார்த்தாலும், பெரியம்மாவுக்கு போன் பேசுவது மலிவாகிவிட்டது என்று சொல்ல வழியில்லை.

ஆனால் நாம் எல்லோரும் அப்படித்தானே சொல்லிக்கொண்டிருக்கிறோம்? "1995-ல் செல்போனில் நிமிடத்துக்கு 16 ரூபாய், இப்போ கால் ஃப்ரீ." இந்த வாக்கியம்தான் எனக்கு இடிக்கிறது.

வாடகை என்ற சொல் எங்கே போச்சு?

வீட்டு லேண்ட்லைன் காலத்து பில்லை ஞாபகப்படுத்திப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். அதில் வாடகை தனி வரி, அழைப்புக் கட்டணம் தனி வரி. லைன் வைத்திருப்பதற்கு இவ்வளவு, பேசியதற்கு இவ்வளவு என்று தெளிவாகத் தெரியும். எஸ்டிடி விலை கொள்ளைதான். ராத்திரி கட்டணம் குறையும் என்று பூத் வாசலில் காத்திருந்த தலைமுறை நாம். ஆனாலும் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது தெரிந்தது.

செல்போன் வந்த புதிதில் வருகிற அழைப்புக்கும் காசு. 2003 மே மாதத்திலிருந்து அது போயிற்று, கூப்பிடுகிறவர் மட்டும் கட்டினால் போதும். கூடவே இன்னொரு ஏற்பாடும் வந்தது. அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு அழைப்பு போனால், அழைப்பைப் பெறுகிற நிறுவனத்துக்கு மற்றது நிமிடத்துக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். 2003-ல் 30 பைசா, 2009-ல் 20, 2015-ல் 14.

இதன் விளைவு என்ன? பெரியம்மா மாதிரி போனை எடுக்க மட்டும் செய்கிறவரும் நிறுவனத்துக்கு வருமானம்தான். மகன் வேறு நெட்வொர்க்கிலிருந்து கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினால், அவர் பைசா செலவழிக்காமலே அவருடைய நிறுவனத்துக்கு நாலு ரூபாய் கிடைக்கும். 'லைஃப்டைம் வேலிடிட்டி' சிம்கள் ஓடியதும், மிஸ்டு கால் ஒரு தனி பாஷையாகவே வளர்ந்ததும் இந்தச் சூழலில்தான்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, குரல் அழைப்பு இலவசம் என்றது. 2017 அக்டோபரில் அந்த 14 பைசா 6 பைசாவாகக் குறைந்தது. 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யம். இப்போது போனை எடுக்க மட்டும் செய்கிறவரால் வருமானம் எதுவும் இல்லை. 2018 கடைசியில், குறைந்தபட்சம் 35 ரூபாய்க்கு ரீசார்ஜ் பண்ணினால்தான் சிம் உயிரோடு இருக்கும் என்ற நிலை வந்தது. ஏர்டெல்லின் ஆரம்பத் திட்டம் 2021 நவம்பரில் 99 ரூபாய். 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு, 28 நாள் அன்லிமிடெட் திட்டம் ஜியோவில் 189-லும் ஏர்டெல்லில் 199-லும்தான் ஆரம்பம். விலைப்போட்டியும் நிறுவனங்களின் கடனும் இதற்குக் காரணங்கள்தான். ஆனால் குறைவாகப் பேசுகிறவரைத் தாங்கிப் பிடித்த கணக்கு உடைந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆக, அழைப்பின் விலை காணாமல் போகவில்லை. நிமிடத்திலிருந்து நாளுக்கு இடம் மாறியிருக்கிறது. இது வாடகை. பெயர்தான் 'அன்லிமிடெட்'.

நிறுவனங்களின் பக்கம்

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டவர், அலைக்கற்றை, மின்சாரம் இதற்கெல்லாம் ஆகும் செலவு நீங்கள் 71 நிமிடம் பேசினாலும் 700 நிமிடம் பேசினாலும் பெரிதாக மாறாது. 4ஜி-யில் குரலே டேட்டாவாகத்தான் போகிறது. அதனால் வாடகை வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. லேண்ட்லைனுக்கும் கொடுத்தோமே.

என் கேள்வி, யாருக்கும் ஏன் ஒரே வாடகை? நாளெல்லாம் பேசுகிறவருக்கு நிமிடம் சில பைசா, எப்போதாவது பேசுகிறவருக்கு மூன்று ரூபாய்.

2024 டிசம்பரில் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைக் கொஞ்சம் கவனித்தது. டேட்டா இல்லாமல் குரலும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்றது. நல்ல உத்தரவு. ஆனால் விலை என்ன என்பதை நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. 2025 ஜனவரியில் வந்த திட்டங்கள், விலையைக் கொஞ்சம் குறைத்த பிறகு, இப்படி இருந்தன: ஜியோ 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. ஏர்டெல் 84 நாளுக்கு 469, வருடத்துக்கு 1,849.

கணக்குப் போடுங்கள். 28 நாள் திட்டத்தை மூன்று தடவை போட்டால் 597 ரூபாய். 84 நாள் திட்டம் 469. ஒரே மூச்சில் 469 எடுத்து வைக்க முடிந்தவருக்கு 128 ரூபாய் மிச்சம். முடியாதவர், தான் பார்க்கவே போகாத டேட்டாவுக்கும் சேர்த்து மாதாமாதம் கட்டுவார். மாதம் என்பதும் 28 நாள்தான், வருடத்துக்கு 13 தடவை வரும். கையில் காசு குறைய இருப்பவர்தான் கூடுதலாகக் கொடுக்கிறார். பெரியம்மாவுக்குத் தேவையான, 28 நாளுக்குக் குரல் மட்டும் என்ற சின்னத் திட்டம் அந்தப் பட்டியலில் இல்லை.

பிஎஸ்என்எல் மலிவாச்சே என்று கேட்பீர்கள். மலிவுதான். ஆனால் 4ஜி-க்கு அது வந்து சேர்ந்தது ரொம்பத் தாமதமாக. சிக்னல் கிடைக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்த மலிவு.

வேண்டாம் என்று சிம்மைத் தூக்கிப் போடவும் முடியாது. பேங்க், கேஸ் புக்கிங், ரேஷன் கார்டு எல்லாம் அந்த நம்பரில். ரீசார்ஜ் முடிந்து சில நாளில் வருகிற அழைப்பும் நின்றுவிடும். 90 நாள் உபயோகமே இல்லாவிட்டால் நம்பரைத் திரும்ப எடுத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. அப்புறம் ஓடிபி யாருக்குப் போகும்?

எதை அளக்க வேண்டும்

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் நாடுகளின் செல்போன் கட்டணத்தை ஒப்பிட ஒரு 'கூடை' வைத்திருக்கிறது. குறைவாகப் பேசுகிறவருக்கான கூடை, மாதம் 70 நிமிடமும் 20 எஸ்எம்எஸ்ஸும். பெரியம்மாவின் 71 நிமிடம் ஏறக்குறைய அதேதான். அவர் ஒன்றும் விதிவிலக்கு இல்லை, உலகம் முழுக்க அளக்கப்படுகிற ஒரு வகைப் பயனாளர். இங்கே நாம் "ஒரு ஜிபி எவ்வளவு மலிவு பாருங்கள்" என்று பெருமைப்படுகிறோம். ஜிபி பயன்படுத்தாதவருக்கு அந்தப் பெருமையால் என்ன பயன்?

டிராய் செய்யக்கூடிய காரியம் பெரிதில்லை. இந்த 70 நிமிடக் கூடைக்கு ஒவ்வொரு நிறுவனமும் 28 நாளுக்கு என்ன வாங்குகிறது என்பதைத் தவறாமல் வெளியிடட்டும். 84 நாளுக்குக் கொடுக்கிற அதே தினக்கணக்கில் 28 நாளுக்கும் குரல் மட்டும் திட்டம் தரச் சொல்லட்டும். 469-ஐ மூன்றால் வகுத்தால் 156 ரூபாய் சொச்சம். அதுவே அவருக்கு ஒரு ரீசார்ஜுக்கு 40 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

இதெல்லாம் நடக்கிறபோது நடக்கட்டும். அடுத்த தடவை நான் 84 நாள் திட்டமாகப் போட்டுக் கொடுத்துவிடுவேன். போட்டுக் கொடுக்க ஆள் இல்லாத பெரியம்மாக்களை நினைத்துத்தான் இந்தக் குறிப்பை எழுதி வைக்கிறேன்.