மஸ்னவியின் முதற்கதையும் ஹகீமின் அமானிதமும்

மௌலானா ஜலாலுத்தீன் ரூமி (ரஹ்) அவர்களின் மஸ்னவியில் முதலாவதாக வருவது, மன்னனும் அடிமைப்பெண்ணும் பற்றிய கதை. மத்ரஸாவில் பார்ஸி ஓதியவர்களுக்கு அது பழகிய பாடம். அண்மையில் சோழவந்தானில் ஓர் இல்லத்துத் திண்ணையில் நான் அதைச் சொல்லி முடித்தபோது, உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு தாய், "ஹஜ்ரத், அந்தப் பொண்ணுகிட்ட யாராச்சும் சம்மதம் கேட்டாங்களா?" என்றார். இத்தனை ஆண்டுகள் கதையைச் சொல்லிவந்த எனக்கு அக்கேள்வி ஒருநாளும் எழவில்லை.

கதை இதுதான். மன்னன் விலைக்கு வாங்கிய பெண் நோயுறுகிறாள். அரண்மனை வைத்தியர்கள் தோற்றபின், கனவில் அறிவிக்கப்பட்ட ஒரு ஹகீம் வருகிறார். நோய் உடம்பில் இல்லை, உள்ளத்தில் என்று கண்டுகொள்கிறார். வீட்டை வெறுமையாக்கச் சொல்லி, அவளோடு தனித்திருந்து, நாடியில் விரல் வைத்தபடி ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்கிறார். ஸமர்கந்து என்றதும் நாடி துள்ளுகிறது. அவ்வூர்ப் பொற்கொல்லன் ஒருவன்மீது அவள் கொண்ட காதலே நோய். மனநோய்க்கு இப்படி ஒரு பரிசோதனையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே கவிதையாக்கிய நுட்பத்தை வியக்காதார் இல்லை. நானும் வியந்து, அங்கேயே நின்றுவிட்டவன்தான்.

அதற்கு அடுத்த அடியில்தான் இடறல் இருக்கிறது. "இந்த ரகசியத்தை எவரிடமும் சொல்லாதே, மன்னரே கேட்டாலும் சொல்லாதே" என்னும் கருத்துப்பட அவளைக் கட்டுப்படுத்திவிட்டு, ஹகீம் தாமே மன்னனிடம் சென்று அதில் ஒரு பகுதியை வெளியிடுகிறார். பொற்கொல்லன் பொன்னாசை காட்டி அழைக்கப்படுகிறான், அவளுக்கு மணமுடிக்கப்படுகிறான், ஆறு மாதம் கழித்து நஞ்சூட்டப்படுகிறான். அவன் அழகு குன்றக் குன்ற அவள் காதலும் குன்றுகிறது. நாடி பிடித்த அந்த நாளுக்குப்பின் அவள் வாயிலிருந்து ஒரு விருப்பமும் கேட்கப்படவில்லை.

மன்னன் ஆன்மா, பெண் நஃப்ஸு, பொற்கொல்லன் துன்யா என்று உரைகாரர்கள் உட்பொருள் கூறுவர். அது சரியே. மௌலானாவும், கொலை இறைக்கட்டளையால் நடந்தது என்று சொல்லி, கஹ்பு அத்தியாயத்தில் வரும் கிள்ரு (அலை) அவர்களின் செயலை உவமை காட்டுகிறார். ஆனால் அங்கே மூஸா (அலை) அவர்கள் மறுத்துக் கேட்டார்களே! தமக்கு உதிப்பு வந்தது என்று கூறி ஷரீஅத்தைக் கடப்போரை இமாம் குர்துபீ (ரஹ்) தம் தஃப்ஸீரில் கடுமையாகவே சாடுகிறார்கள். உட்பொருளுக்காகப் புனைந்ததை நடைமுறைக்கு எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதே என் கவலை.

2025 ஜனவரியில் நாக்பூரில் மனோதத்துவ நிபுணர் ஒருவர் கைதானார். ஆலோசனைக்கும் பயிற்சி முகாம்களுக்கும் வந்த மாணவியரைப் பல ஆண்டுகளாகப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கினார், படங்களைக் காட்டி மிரட்டி அவர்கள் வாயை அடைத்தார் என்பது போலீஸார் சாட்டிய குற்றம். பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 50 பேர் என்று செய்தித்தாள்கள் எழுதின. தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் வேலை. நான் கவனிப்பது ஒன்றையே: அங்கும் "சொல்லாதே" என்ற சொல் நோயாளியின்மீது விழுகிறது. ரகசியம் காக்கும் கடமை வைத்தியனுடையது. நோயாளிக்கு அது உரிமை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் அதை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. கடமை இடம்மாறி நோயாளியின் தலையில் ஏறும் நேரத்தில் ஏதோ கெட்டுப்போயிற்று என்று பெற்றோர் அறிந்துகொள்ளலாம்.

மௌலானா ஹிஜ்ரி 672இல், அதாவது 1273இல் வஃபாத்தானார்கள். அதற்கு மூன்றாண்டு முன்னர் மறைந்த இப்னு அபீ உஸைபிஆ, தம் மருத்துவர் வரலாற்று நூலில் புக்ராத்தின் உறுதிமொழியை அரபியில் பதிந்து வைத்திருக்கிறார். நோயாளியின் வீட்டில் பெண்ணிடமோ ஆணிடமோ, சுதந்திரமானவரிடமோ அடிமையிடமோ தகாத எண்ணத்தோடு நெருங்கேன் என்பது அதன் ஒரு பகுதி. அடிமையிடமும் என்ற சொல்லைக் கவனியுங்கள்! அடிமைப்பெண்ணின் சம்மதம் அக்காலத்தில் எவருக்கும் தோன்றியிராது என்று நாம் எளிதில் சமாதானம் சொல்லிவிட முடியாதபடி அது நிற்கிறது.

இங்கே ஓர் இடர்ப்பாட்டையும் மறைக்கலாகாது. தாய் பக்கத்தில் அமர்ந்திருந்தால் மகள் மனம் திறக்கமாட்டாள். ஹகீம் வீட்டை வெறுமையாக்கியது முற்றும் பிழையன்று. ஃபுகஹாக்கள் கல்வத்து என்பது பிறர் நுழையவியலாத தனிமையை. கண்ணுக்குத் தெரியும்படி, காதுக்கு எட்டாதபடி, கதவு திறந்த அறையில் பேச்சு நடக்கட்டுமே. மறுத்தால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடலாம். பட்டம் என்ன, இந்திய மறுவாழ்வுக் கவுன்ஸிலில் பதிவு உண்டா என்று கேட்பதிலும் அவமரியாதை ஏதுமில்லை. ஓதிப் பார்க்கிறேன் என்று அறையைத் தாழிடும் நம்மவர்க்கும் இதே அளவுகோல்தான். ஆலிம் என்பதற்காக எனக்கும் விலக்கில்லை.

அத்தாயை மறுவாரம் கண்டபோது, "கேட்டதாகக் கதையில் இல்லை, அம்மா" என்றேன். "அப்ப அதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றார். இப்போதெல்லாம் சேர்த்தே சொல்லிவருகிறேன்.