இறங்கியவர்களா, இறக்கப்பட்டவர்களா?

வினைச்சொற்களைத் தன்வினை என்றும் பிறவினை என்றும் பிரித்துக் காட்டுவது தமிழ் இலக்கண மரபு. 'இறங்கினான்' என்றால் இறங்கியவன் தானே அச்செயலைச் செய்தான். 'இறக்கினான்' என்றால் வேறொருவனை அல்லது வேறொன்றை இறங்கச் செய்தான். பள்ளிப் பருவத்தில் மதிப்பெண்ணுக்காக மனனம் செய்த இந்த வேறுபாடு, தென்னக ஆப்பிரிக்க நாடு ஒன்றின் வறுமையைப் பற்றிய நூலைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது. ஒரு மக்கள்கூட்டம் ஏழையானது என்று எழுதுவதற்கும், ஏழையாக்கப்பட்டது என்று எழுதுவதற்கும் இடையே உள்ள தொலைவு இலக்கணத்தோடு நின்றுவிடுவதன்று. அது நீதியைப் பற்றியதுமாகும்.

நான் குறிப்பிடும் நூல், அமெரிக்க மானிடவியலாளர் ஜேம்ஸ் பெர்குசன் எழுதி 1999ஆம் ஆண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'எக்ஸ்பெக்டேஷன்ஸ் ஆஃப் மாடர்னிட்டி' என்பதாகும். 'நவீன வாழ்வைப் பற்றிய எதிர்பார்ப்புகள்' என்று அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். ஜாம்பியா நாட்டின் செப்புச் சுரங்க வட்டாரத்தில், கிட்வே நகரில் 1985, 1986 ஆண்டுகளில் அவர் தங்கி நடத்திய கள ஆய்வே நூலின் அடித்தளம். வெளிவந்து கால் நூற்றாண்டு கடந்த நூலை இப்போது எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அது எழுப்பிய கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. அது தந்த விடையையோ பின்வந்த ஆண்டுகள் கடுமையாகச் சோதித்துவிட்டன.

1964 அக்டோபர் 24 அன்று விடுதலை பெற்றபோது ஜாம்பியா வெறுங்கையுடன் தொடங்கிய நாடு அன்று. நிலத்தடியில் உலகின் மிகச் சிறந்த செப்புப் படிவங்களுள் சில அங்கிருந்தன. விடுதலைக்கு முந்திய நாள்வரை அச்செப்புக்கான உரிமைத்தொகையைப் பெற்றுவந்தது பிரித்தானிய தென்னாப்பிரிக்கக் கம்பெனி. 1969இல் அதிபர் கென்னத் கவுண்டா சுரங்கங்களின் 51 விழுக்காட்டுப் பங்கை அரசுடைமையாக்குவதாக அறிவித்தார். அக்காலத்தில் ஜாம்பியா நடுத்தர வருவாய் நாடாகக் கருதப்பட்டது என்றும், அதன் தலா வருவாய் பிரேசில், மலேசியா, தென்கொரியா ஆகிய நாடுகளினுடையதைவிட உயர்ந்திருந்தது என்றும் பெர்குசன் நினைவூட்டுகிறார். இன்றைய வாசகர் இந்த வரியில் சற்று நின்றே மேலே செல்ல வேண்டியிருக்கும்.

அக்காலத்து அறிஞர்கள் செப்பு வட்டாரத்தில் கண்டது ஓர் ஏணியை. சிற்றூரிலிருந்து நகரத்திற்கு, குலத்திலிருந்து தொழிற்சங்கத்திற்கு, கூலியிலிருந்து குடிமகனுக்கு என்று ஆப்பிரிக்கர் படிப்படியாக ஏறி வருகின்றனர் என அவர்கள் நம்பினர். 1951இல் லுவான்ஷியா சுரங்க நகரில் சுரங்கத் தொழிலாளர் ஆடிய கலேலா நடனத்தைக் கிளைட் மிச்செல் கண்டு எழுதியது மானிடவியலில் புகழ்பெற்ற ஆய்வு. ஆடியவர்கள் தோலும் இறகும் அணியவில்லை. மடிப்புக் கலையாத கால்சட்டையும் துலக்கிய காலணியும் அணிந்திருந்தனர். ஒருவர் வெள்ளை மேலங்கியுடன் 'மருத்துவர்' வேடம் பூண்டிருந்தார். அந்த உடையில் ஒரு நம்பிக்கை இருந்தது. ஆட்டக்காரரும் ஆய்வாளரும் அந்த ஒரே நம்பிக்கையைப் பகிர்ந்துகொண்டனர் என்பதைப் பெர்குசனின் நூல் நமக்கு உணர்த்துகிறது.

அந்த நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. 1970களின் நடுப்பகுதியில் செப்பின் விலை சரிந்தது. எண்ணெயின் விலை ஏறியது. இடைவெளியை நிரப்பக் கடன் வாங்கப்பட்டது. 1974க்கும் 1994க்கும் இடையே தலா வருவாய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பெர்குசன் கிட்வேக்குச் சென்றபோது அவர் சந்தித்தவர்கள் ஏணியின் கீழ்ப்படியில் காத்திருந்தவர்கள் அல்லர். ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்கள். வீட்டில் ஒருகாலத்தில் ஊர்தி நின்றதையும், உணவில் இறைச்சி இருந்ததையும் நினைவில் வைத்திருந்தவர்கள். இல்லாமை ஒரு துன்பம் என்றால், இருந்து இழந்த இல்லாமை வேறொரு துன்பம். அதில் அவமானமும் கலந்திருக்கிறது. பொருளியல் அட்டவணைகளில் இடம்பெறாத இந்த அவமானத்தை எழுத்தில் கொண்டுவந்ததே நூலின் முதற்சிறப்பு.

பணி ஓய்வு பெறும் சுரங்கத் தொழிலாளர் பற்றிய பகுதியை நூலின் உயிர்நிலை என்பேன். வேலை போனால் கம்பெனி வீடும் போய்விடும். கிடைக்கும் தொகை நகரத்தில் வாழப் போதாது. ஆகவே, பல ஆண்டுகளுக்கு முன் விட்டுவந்த சிற்றூருக்கே திரும்ப வேண்டும். ஆனால் அந்த ஊர் அவரை ஏற்குமா? பணியிலிருந்த காலமெல்லாம் உறவினருக்குத் துணியும் பணமும் அனுப்பி, ஊர்ப்பேச்சையும் ஊர்வழக்கத்தையும் பேணி வந்தவர் ஒருவாறு ஏற்கப்படுகிறார். நகரத்துப் பேச்சும் நகரத்து உடையுமாக வாழ்ந்தவரோ செருக்குடையவர் என்று ஒதுக்கப்படுகிறார். மாந்திரீகத்தால் தமக்குத் தீங்கு நேருமோ என்ற அச்சமும் அவரைத் தொடர்கிறது. இதைப் படிக்கும் எவரும் பண்பாடு என்பதை இனி ஓய்வுநேர அலங்காரமாக எண்ணமாட்டார்கள். முதுமையில் ஒரு பிடி நிலமும் ஒருவேளைக் களியும் கிடைக்குமா என்பதையே அது முடிவு செய்கிறது. வறியவரின் மனத்தை இவ்வளவு பொறுமையோடு கேட்ட ஆய்வு நூல்கள் சிலவே.

இனி நூலின் மையக் கருத்துக்கு வருவோம். ஜாம்பியா மக்கள் உலகப் பொருளாதாரத்தோடு 'இன்னும் இணையாதவர்கள்' அல்லர், 'இணைப்பு அறுந்தவர்கள்' என்பதே பெர்குசனின் முடிவு. தொலைபேசி வராத வீட்டிற்கும், இருந்த தொலைபேசி துண்டிக்கப்பட்ட வீட்டிற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. 'வளரும் நாடு' என்ற இனிய பெயரால் நாம் மறைத்துவிடும் ஓர் உண்மையை இக்கருத்து வெளிக்கொணர்கிறது. காத்திருந்தால் தானே வளர்ந்துவிடும் என்ற ஆறுதலுக்கு இதன்பின் இடமில்லை.

எனினும் இங்குதான் எனக்கு மனநிறைவின்மை தொடங்குகிறது. இணைப்பு அறுந்ததா, அறுக்கப்பட்டதா? துண்டிப்பு என்பது தானே நிகழ்வதன்று, அதுவும் ஒரு செயலே என்று நூலாசிரியர் இறுதிப் பகுதியில் கூறத்தான் செய்கிறார். விலைச் சரிவும் கடனும் பன்னாட்டு நிதியமும் பின்னணியில் வந்து போகின்றன. ஆனால் செயலுக்குரிய எழுவாய் யார் என்று நூல் அழுத்தமாகக் கேட்கவில்லை. இழந்தவரின் முகம் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. இழக்கச் செய்தவரின் முகம் மங்கலாகவே இருக்கிறது. பரிவு மிகுந்த நூல்களுக்கு நேரக்கூடிய குறை இது. துன்பத்தைப் பாடும் ஒப்பாரி, துன்பத்தின் காரணத்தைக் கேட்பதில்லை அல்லவா?

எழுவாய்கள் பல. அவற்றுள் ஜாம்பியாவின் ஆட்சியாளரும் உண்டு. அவர்களை விட்டுவிடுவது நேர்மையாகாது. 1991 வரை நீடித்த ஒரு கட்சி ஆட்சியில் சுரங்க வருவாய் நகரத்தின் செலவுகளுக்கே ஓடியது. வேளாண்மையும் பிற தொழில்களும் புறக்கணிக்கப்பட்டன. சுரங்கங்களுக்கே போதிய மறுமுதலீடு செய்யப்படவில்லை. மறுபுறம், தன் ஏற்றுமதி வருவாயில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஒரே பொருளிலிருந்து பெற்ற அந்நாட்டுக்கு, அப்பொருளின் விலையை முடிவு செய்யும் உரிமை ஒருநாளும் இருந்ததில்லை. அது லண்டன் உலோகச் சந்தையில் முடிவானது. மூலப்பொருளை விற்கும் ஏழை நாடுகள் விலையின் திடீர் ஏற்ற இறக்கங்களுக்கு ஆளாகி மேலும் ஏழையாகின்றன என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1967ஆம் ஆண்டிலேயே 'மக்களின் முன்னேற்றம்' என்னும் சுற்றுமடலில் எச்சரித்திருந்தார். ஜாம்பியாவின் செப்பு விலை சரிந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான்.

கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைப்படி 1986 டிசம்பரில் மக்காச்சோள மாவுக்கான மானியம் குறைக்கப்பட்டபோது செப்பு வட்டார நகரங்களில் கலவரம் மூண்டது, உயிர்கள் பலியாயின. மாவின் விலை என்பது அங்கே அன்றாட உணவான இன்ஷிமாக் களியின் விலை. 1991க்குப்பின் வந்த புதிய அரசு அதே நிபந்தனைகளை இன்னும் விரைவாக நிறைவேற்றியது. 1993 சூலையில் ஜாம்பியாவின் கத்தோலிக்க ஆயர்கள், ஏழைகளின் அழுகுரலுக்குச் செவிகொடுக்குமாறு கேட்டு மேய்ப்புப்பணி மடல் ஒன்றை வெளியிட்டனர். பொருளாதாரச் சீரமைப்பின் சுமையை ஏழைகளே சுமக்கின்றனர் என்பது அதன் சாரம். ஆயர்கள் மானிடவியலாளர் அல்லர். ஆனால் எழுவாயைத் தேடும் துணிவு அம்மடலில் இருந்தது.

நூல் வெளிவந்த பின் நடந்தவை அதன் கருத்தை நேரடியாகச் சோதித்தன. 1997 முதல் 2000 வரை சுரங்கங்கள் தனியாருக்கு விற்கப்பட்டன. நாட்டிற்குரிய உரிமைத்தொகை வெறும் 0.6 விழுக்காடு என வெளியிடப்படாத ஒப்பந்தங்களில் எழுதப்பட்டது. 2003இல் டன் ஒன்றுக்கு 2,000 டாலருக்கும் குறைவாக இருந்த செப்பின் விலை 2006இல் சராசரி 6,500 டாலரைத் தாண்டியது. 2008இல் மிகை ஆதாயத்தின்மீது அரசு ஒரு வரி விதித்தது. மறு ஆண்டே அது திரும்பப் பெறப்பட்டது. 2000இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் டன்னாக இருந்த உற்பத்தி 2013இல் ஏழு இலட்சம் டன்னைக் கடந்தது. அறுந்த இணைப்பு மீண்டும் சேர்ந்துவிட்டது என்றே இதற்குப் பொருள். ஏழ்மை மட்டும் அகலவில்லை. அரசின் கணக்கெடுப்புகளின்படி 2015இல் மக்களில் 54.4 விழுக்காட்டினர் வறுமையில் இருந்தனர். 2022இல் அது 60 விழுக்காடாயிற்று. இவற்றுக்கிடையே, 2005இல் பெருமளவு கடன் தள்ளுபடி பெற்ற நாடு மீண்டும் கடன்பட்டு, 2020 நவம்பரில் தவணை செலுத்த முடியாது நின்றது.

ஆகவே 'துண்டிப்பு' என்னும் உருவகம் பாதி உண்மையையே சொல்கிறது. கம்பி அறுந்திருக்கவில்லை. ஒருபுறமிருந்து மட்டும் ஒலி செல்லும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. செப்பு வெளியே செல்கிறது. இலாபமும் வெளியே செல்கிறது. கழிவு மட்டும் ஊரில் தங்குகிறது. சிங்கோலாவின் இன்சாங்கா சுரங்கத்தால் தங்கள் நீர்நிலைகள் நஞ்சாயின என்று குற்றம் சாட்டி 1,826 சிற்றூர் மக்கள் லண்டனில் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கை இங்கிலாந்திலேயே விசாரிக்கலாம் என்று 2019 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அந்நிறுவனம் வேதாந்தா. தூத்துக்குடியில் செப்பு உருக்காலை நடத்தியதும், 2018 மே மாதம் அதற்கெதிரான போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தபின் மூடப்பட்ட ஆலைக்கு உரியதும் அதே குழுமந்தான். சிங்கோலா நமக்கு நெடுந்தொலைவு என்று இனி எண்ண இயலாது. 2025 பிப்ரவரியில் சாம்பிஷி அருகே சீன நிறுவனம் ஒன்றின் கழிவுத் தேக்கம் உடைந்து அமிலநீர் காஃபுவே ஆற்றில் கலந்தது. கிட்வே நகருக்குக் குடிநீர் நின்றது. பெர்குசன் பழகிய அதே கிட்வே.

நூலாசிரியரும் தம் கருத்தில் தேங்கி நின்றுவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 2006இல் வந்த நூலில், மூலதனம் ஆப்பிரிக்காவெங்கும் பரவாமல் சுரங்கத்தையும் எண்ணெய்க் கிணற்றையும் தேடித் தாவி இறங்குவதை அவர் தெளிவாக எழுதினார். 2015இல் வந்த நூலுக்கோ 'ஒருவனுக்கு மீனைக் கொடு' என்றே பெயர். மீனைக் கொடுக்காதே, மீன்பிடிக்கக் கற்றுக்கொடு என்று நம் பங்குக் கூட்டங்களிலும் ஓயாது சொல்லப்படும் அறிவுரையை அவர் தலைகீழாகத் திருப்புகிறார். பிடிப்பதற்கு வேலையே இல்லாதபோது கற்றுக்கொடுத்து என்ன பயன்? நாட்டின் பொதுச்செல்வத்தில் ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு உண்டு. அதைத் தருவது ஈகையாகாது என்பது அவர் வாதம். படைப்பின் பொருள்கள் அனைவருக்கும் உரியவை என்றும், ஏழைக்குக் கொடுப்பவன் தன்னுடையதை அன்று, அவனுடையதையே திருப்பிக் கொடுக்கிறான் என்றும் புனித அம்புரோஸ் கற்பித்ததை ஆறாம் பவுலின் மடல் எடுத்தாள்கிறது. முதல் நூலில் தேடிக் கிடைக்காத எழுவாயை நோக்கி நூலாசிரியர் நடந்த வழி, இந்தப் பழைய போதனைக்கு அண்மையில் வந்து சேர்ந்திருப்பது கவனிக்கத்தக்கது.

லுசாக்காவில் இயேசு சபையினரின் இறையியல் சிந்தனை மையம் 1991 முதல் ஒரு பணியைச் செய்து வருகிறது. மக்காச்சோள மாவு, பயறு, எண்ணெய், கருவாடு, அடுப்புக்கரி என ஒரு குடும்பத்தின் அடிப்படைத் தேவைகளுக்கு ஆகும் செலவை அது கணக்கிட்டு வெளியிடுகிறது. அதை ஊதியத்தின் அருகில் வைத்துப் பார்த்தால் வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. பெர்குசனின் நூலையும் இந்தக் கணக்கையும் ஒருசேரப் படிக்க வேண்டும் என்பதே என் பரிந்துரை. இழந்தவரின் நெஞ்சை நூல் நமக்குக் காட்டுகிறது. எவ்வளவு குறைகிறது என்பதைக் கணக்கு காட்டுகிறது. அந்தக் குறை யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை மட்டும் இரண்டையும் படித்து முடித்த நாமே கேட்டாக வேண்டும். செப்புக்கம்பி ஓடாத வீடு நம்மிடையே எது?