விரைவாட்டமும் ஈற்றடியும்

ஈப்போ, சிலிபின் வட்டாரத்து மாணவர் வீடியோ விளையாட்டை ஆடுவதோடு அமைவதில்லை. பிறர் ஆடுவதையும் கைப்பேசியில் கண்டு களிக்கின்றனர். ஓர் ஆட்டத்தை மிகக் குறைந்த நேரத்தில் முடித்துக் காட்டும் 'ஸ்பீட்ரன்' என்னும் விரைவாட்டம் அவ்வகையினது. 'இதில் காண என்ன உளது?' என ஆசிரியர் கடிந்துகொள்வது இயல்பே. ஆயினும், ஒரு சுவையை ஆராயாது ஒதுக்குதல் திறனாய்வு ஆகாது.

1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆட்டத்தில் 32 கட்டங்கள் உள. குழாய்களின் வழியே குறுக்குவழி புகுவோர் எட்டுக் கட்டங்களை மட்டும் ஆடி முடிவை எய்தலாம். 2021 ஏப்ரலில், நிப்ட்ஸ்கி என்னும் புனைபெயர் கொண்ட ஆட்டக்காரர் 4 நிமிடம் 55 நொடிக்குள் முடித்தார். இதன் நுட்பம் யாது? ஒரு கட்டம் முடிந்தபின் அடுத்ததற்குச் செல்லும் வாயிலை அவ்வாட்டம் 21 படச்சட்டங்களுக்கு ஒருமுறை, அஃதாவது ஏறத்தாழ 0.35 நொடிக்கு ஒருமுறையே திறக்கிறது. குறித்த நேரத்தில் புறப்படும் பேருந்தைப் போன்றது அது. சற்று முந்தி வந்தும் பயனில்லை. சற்றே பிந்தினாலோ அடுத்த பேருந்துதான். இதனை அறியாதான் கண்ணுக்கு ஒரு பொம்மை ஓடுகிறது. அறிந்தவனோ மூச்சடக்கிக் காத்திருக்கிறான்.

தமிழர்க்கு இது புதிய சுவையா? 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா அரங்கில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்தினார். அவையொன்றில், துருக்கனுக்கு இராமன் துணையாவான் என்னும் பொருள்பட ஈற்றடி கொடுத்து, இசுலாமியரான அவரிடம் வெண்பா கேட்டனர் என்பது வழிவழி வழங்கும் செய்தி. பாவலர் முன்னடியில் இராமனின் தம்பியர் பெயர்களை அடுக்கி, இறுதியில் 'சத்' என நிறுத்தினார். ஈற்றடியோடு சேர்ந்து அது 'சத்துருக்கன்' ஆயிற்று! யாப்பு வகுத்த வேலிக்குள்ளேயே எவரும் காணாத வழியொன்று அவருக்குப் புலப்பட்டது. விரைவாட்டக்காரர் தேடுவதும் இத்தகைய வழியையே.

வேற்றுமையும் உண்டு. அவதானிக்கு அவையில் ஒரே வாய்ப்பு. விரைவாட்டக்காரரோ தவறுந்தோறும் முதலிலிருந்து தொடங்குகிறார். அத்தோல்விகளையும் உடனிருந்து கண்டவர்க்கே வெற்றி இனிக்கிறது. எனினும், பாவலரின் விடை சொல்லாய் நிலைத்தது. விரைவாட்டத்தில் பெரிதும் எஞ்சுவது ஓர் எண்ணே. அடுத்தவர் முறியடித்ததும் அதுவும் மங்கும். இக்குறையை மறைத்தற்கில்லை.

21 படச்சட்டக் கணக்கை எவரும் கற்பிக்காமலே கற்ற மாணவனுக்குத் தளைக்கணக்குக் கடினம் என்பது பொருந்துமா? சீர் எங்கே முடிகிறது என அறியாதவனுக்குச் 'சத்' என்ற நிறுத்தத்தின் வியப்பும் விளங்காது. வாய்பாட்டைச் சொல்லிக்கொடுத்த மறுநாளே அவ்வீற்றடியை மட்டும் கரும்பலகையில் எழுதி, முன்னடியை மாணவரிடமே விட்டுப் பார்க்கலாம்.