ஒரு படகு, பல பங்காளிகள்

ஒரு படகைப் பலர் சேர்ந்து உடைமையாக வைத்திருப்பது கடலோரங்களில் நெடுநாள் வழக்கம். படகின் விலை அதிகம். கடலோ கணக்குக்கு அடங்காதது. முழுப் பணத்தையும் ஒருவரே போட்டு, முழு நட்டத்தையும் ஒருவரே சுமப்பதற்குப் பலர் அஞ்சியதால் பிறந்த ஏற்பாடு இது. பிரிட்டிஷ் சட்டம் ஒரு கப்பலின் உடைமையை 64 பங்காகப் பிரித்தது. இந்தியாவின் 1958 ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் பத்துப் பங்காக வகுத்தது. கிரேக்கத்திலும் குரோவேஷியாவிலும் பாய்மர உல்லாசப் படகைச் சில குடும்பங்கள் கூட்டாக வாங்கி, கோடை விடுமுறையில் வாரக்கணக்கில் முறை வைத்துக்கொள்வதும் இதன் இன்னொரு வடிவம். கீழ்வேளூருக்குக் கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் உள்ள நாகப்பட்டினம் கடற்கரையில், அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர் போன்ற மீனவர் ஊர்களில், படகுப் பங்கு பிழைப்போடு கட்டுண்டது. இந்த ஏற்பாட்டின் வலுவும் பலவீனமும் உல்லாசப் படகைவிட இங்கேதான் துலக்கமாகத் தெரிகின்றன.

நாலைந்து பேர் ஏறும் பைபர் படகை எடுத்துக்கொள்ளலாம். படகு, எஞ்சின், வலை ஆகிய மூன்றுக்கும் பணம் வேண்டும். மீன் விற்ற காசில் முதலில் எண்ணெய், ஐஸ், சாப்பாடு, ஏலக் கழிவு எல்லாம் போகும். மிஞ்சியதில் தொழிலுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. படகு, எஞ்சின், வலைக்கெனத் தனிப் பங்கு. விகிதம் ஊருக்கு ஊர் மாறும். படகு ஒருவருடையது என்றால் இந்தத் தனிப் பங்கு அவர் வீட்டுக்குப் போகும்; மற்றவர்கள் உழைப்புப் பங்கோடு நின்றுவிடுவார்கள். படகு கூட்டுடைமை என்றால் அதுவும் ஏறியவர்களுக்குள்ளேயே பிரிகிறது. கூலிக்குப் போனவர் உடைமைக்காரர் ஆகும் வழி இதுதான்.

இதன் நன்மை பணத்தோடு முடிவதில்லை. கூட்டுப் படகில் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை, முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிவைக்கவும் வேண்டியதில்லை. நடுக்கடலில் எஞ்சின் நின்றாலும் வலை கிழிந்தாலும் எல்லாருக்கும் நட்டம் என்பதால் எல்லாரும் பொருளைக் காக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. ஏல வியாபாரியிடம் தனியாகக் கடன் வாங்குபவர், பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கும் நிலைக்கு எளிதில் தள்ளப்படுகிறார். பலர் சேர்ந்து முதல் திரட்டினால் அந்தப் பிடி தளர வாய்ப்பிருக்கிறது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு மீனின் முதல் விற்பனையை மீனவர் கையில் வைக்க வேண்டும் என்று வலியுறுத்தி வந்ததற்கும் இதுவே காரணம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்த முறைக்குக் கடுமையான சோதனை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கரையில் கிடந்த கட்டுமரங்களும் வல்லங்களும் சிதறிப் போயின. அரசும் தொண்டு நிறுவனங்களும் பைபர் படகுகளைக் கொண்டுவந்து இறக்கின. பல இடங்களில் நாலைந்து குடும்பத்துக்கு ஒரு படகு என்று கொடுக்கப்பட்டது. அதுவரை படகில்லாமல் கூலிக்குப் போனவர்களுக்கும் உடைமை கிடைக்கட்டும் என்ற நல்ல நோக்கம் அதில் இருந்தது. ஆனால் குழு அமைந்த விதத்தில் பிழை நேர்ந்தது. காலங்காலமாகப் பங்காளியைத் தேர்ந்தெடுத்தது உறவும் தொழில் நம்பிக்கையும். சுனாமிப் படகில் அதைப் பெயர்ப்பட்டியல் செய்தது. ஓட்டத் தெரிந்தவர், வலை தைக்கத் தெரிந்தவர், கடலுக்கே போகாதவர் எல்லாரும் ஒரே படகுக்குச் சம உடைமையாளர் ஆனார்கள். பழுது பார்க்கும் செலவு வந்தபோது கடலுக்குப் போகாதவர் கை விரித்தார். போனவர் படகு தனக்கே என்றார். படகுகள் பெருகியதால் ஏற ஆளில்லாமல் சில படகுகள் மணலிலேயே கிடந்தன. பல குழுக்களில் ஒருவர் மற்றவர்களுக்குச் சிறு தொகை கொடுத்து விலக்கிவிட்டார். ஆவணத்தில் மட்டும் எல்லார் பெயரும் நீடித்தது. உதவி செய்தவர்கள் படகின் எண்ணிக்கையைக் கவனித்த அளவுக்குப் பங்காளிகளின் பொருத்தத்தைக் கவனிக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

சுருக்குமடி வலை இதே வழக்கத்தின் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. மத்தி, கானாங்கெளுத்திக் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி இழுக்கும் இந்தப் பெருவலைக்கும் அதன் படகுகளுக்கும் ஆகும் செலவு கோடியைத் தொடும். ஒரு குடும்பத்தால் ஆகாது. எனவே ஊரில் பலர் பங்கு போட்டு வாங்குகிறார்கள். பங்குக்காரரில் கடலுக்குப் போகாதவரும் உண்டு, வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்புபவரும் உண்டு. சிறு சேமிப்பெல்லாம் திரண்டு பெருமுதலாக மாறும் இந்தத் திறமை வியக்கத்தக்கது. ஆனால் இவ்வகை வலையைத் தமிழ்நாடு அரசு 2000 ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. கரையோர மீன்வளத்தை மொத்தமாக வாரிவிடுகிறது என்று சிறு படகுக்காரர்கள் எதிர்க்கிறார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை இடைக்கால அனுமதி தந்தது. ஒரு முதலாளியின் வலையாக இருந்தால் தடையைச் செயல்படுத்துவது எளிது. ஊரில் பாதிக் குடும்பம் பங்கு போட்டிருந்தால் தடை அந்த ஊரின் அடுப்பிலேயே கைவைப்பதாகிறது. நட்டத்தைப் பகிர்ந்து தாங்கும் அதே ஏற்பாடு, கடலுக்குக் கேடானதை நிறுத்த முடியாத அளவுக்கு நலன்களைப் பின்னிவிடுகிறது. இந்த முறையின் மிகப் பெரிய குறை இதுதான்.

விடுமுறைப் படகின் சிக்கல் வேறு. அதில் பங்காளிகள் ஒன்றாக ஏறுவதில்லை. முறை வைத்து ஏறுகிறார்கள். ஜூலையும் ஆகஸ்டும் எல்லாருக்கும் வேண்டும், ஏப்ரல் யாருக்கும் வேண்டாம். முறைவைத்துப் பகிர்வதன் துன்பம் காவிரி டெல்டாவில் விளக்காமலே புரியும். மேட்டூரில் திறந்த தண்ணீர் முறைப் பாசனத்தில் இறங்கிவரும்போது கடைமடையான கீழ்வேளூர் வயலுக்கு மிஞ்சியதுதான் வரும். பங்கு சமம் என்று ஏட்டில் இருந்தாலும் பருவம் சமமில்லை. இதற்காகவே உல்லாசப் படகுக் கூட்டுகளில் நல்ல வாரங்களை ஆண்டுக்கு ஆண்டு சுழற்றுகிறார்கள். மீன்பிடிப் படகில் ஏறும் பங்காளிகள் எல்லாரும் ஒரே பாட்டில், அதாவது ஒரே கடல் பயணத்தில், போவதால் இந்தத் தகராறு எழுவதில்லை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள 61 நாள் தடைக்காலமும் கூட்டில் உள்ள எல்லாரையும் ஒன்றாகவே கரையில் நிறுத்துகிறது.

இரண்டு வகைப் படகுக்கும் பொதுவான இடர், ஒரு பங்காளி விலகும்போது வருகிறது. பைபர் உடல் நீடிக்கும் அளவுக்கு எஞ்சின் நீடிக்காது. வலை அதற்கும் முன்பே போய்விடும். எனவே ஐந்தாவது ஆண்டில் ஒரு பங்கின் விலை என்ன என்பதற்கு எளிய விடை இல்லை. ஐரோப்பியக் கூட்டுகளில் மதிப்பீடும் விலகும் முறையும் பொதுவாக ஒப்பந்தத்தில் எழுதப்படுகின்றன. நாகைக் கரையில் பெரும்பாலும் வாய்மொழிதான். தகராறு முற்றினால் ஊர்ப் பஞ்சாயத்தார் உட்கார்ந்து தொகை சொல்கிறார்கள். உயிரோடிருப்பவர்களுக்கிடையே அது பெரும்பாலும் நியாயமாகவே முடிகிறது. பங்காளி இறந்துபோனால்தான் வாய்மொழி கைவிடுகிறது. கடலுக்குப் போகாத, பஞ்சாயத்திலும் இடமில்லாத மனைவி, கணவனின் பங்கைக் கேட்க எந்தத் தாளும் இல்லாமல் நிற்கிறாள். பங்கு போட்ட நாளிலேயே தொகையையும் வாரிசையும் ஒரு பக்கத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்திட்டு வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு நாள் பாட்டுக்கு ஊற்றும் எண்ணெயின் விலைகூட இல்லை.